நேர்ச்சைக்கு மட்டுமே நடை

சப்ரியாவின் ரத்தத்தை ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில் வைத்தவள் அவள் மகள் நிப்ராஸ்தான். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று மறுபடி வைத்தாள். மறுபடியும் அதேதான். யூரிக் அமிலம் ஒன்பதைத் தாண்டி நின்றது.

“யாருதுடி இது? பெரிய ஷேக்கா?” என்று பக்கத்து மேசை ரஜா எட்டிப் பார்த்தாள். “தினம் ஒரு முழு ஆட்டை முடிக்கிற ஆளா இருக்கணுமே.”

“எங்க உம்மாது.”

ரஜா சிரிப்பை விழுங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

இராக்கின் கூஃபா நகரில் யூரிக் அமிலம் என்றால் ஆண்களின் வியாதி. விருந்து விருந்தாய்ப் போய்வரும் பெரிய மனிதர்கள் பெருவிரல் வீங்கி, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி வருவார்கள். அந்த நொண்டலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். சப்ரியா எந்த விருந்திலும் உட்கார்ந்தவள் இல்லை. சமைப்பவள். கூடத்தில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபின் தாம்பாளம் அடுக்களைக்குத் திரும்பி வரும். நல்ல கறி அதில் இருக்காது. ஈரலின் ஓரம், குண்டிக்காய், எலும்புக்குள் ஒட்டியிருக்கும் கொழுப்பு, குழம்பில் ஊறிப்போன ரொட்டி. அதை நின்றபடியே வழித்துச் சாப்பிடுவாள். கொட்டினால் பாவம் என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுப் பாவத்தையெல்லாம் அவள் வயிறுதான் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நிப்ராஸ். யூரிக் அமிலம் தனியாக வராது என்று படித்திருந்தாள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, உட்கார்ந்தே கிடக்கும் உடம்பு என்று கூட்டம் சேர்த்துக்கொண்டுதான் வரும். அப்படியே போய் இதயத்தின் வாசலில் நிற்கும். கூட்டத்தைக் கலைக்க மாத்திரை கொஞ்சம் உதவும். நடை நிறைய உதவும்.

மருத்துவரும் அதையேதான் சொன்னார். மாத்திரை எழுதினார், கறியைக் குறைக்கச் சொன்னார், தண்ணீரைக் கூட்டச் சொன்னார். “தினமும் அரை மணி நேரம் நடங்க” என்றார்.

“எங்க டாக்டர்?” என்று கேட்டாள் சப்ரியா.

மருத்துவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நிப்ராஸின் அண்ணன் கர்ரார் கைப்பேசிக் கடை வைத்திருந்தான். சப்ரியாவை ஊரே ‘உம்மு கர்ரார்’, கர்ராரின் தாய், என்று அவன் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடும். அதனாலோ என்னவோ, உம்மாவே தன் பெயரில் எழுதிவைத்த சொத்து என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

“நடக்கணுமா? எங்க போயி?” என்றான்.

“ஆத்தங்கரை ரோட்டுல. காலையில.”

“கையில ஒரு பை இல்லாம, கூட ஆம்பள இல்லாம, வயசான பொம்பள ஆத்தங்கரையில அங்கயும் இங்கயும் நடந்தா பாக்குறவன் என்ன நினைப்பான்? வீட்டுல சண்டை போட்டுட்டு ஆத்துல விழ வந்திருக்குன்னு நினைப்பான்.”

“அப்ப நீ கூட வா.”

“கடையை யாரு பாப்பா, உன் யுனிவர்சிட்டியா?”

வாப்பா ஹாத்திஃப் லாரி ஓட்டி ஓய்ந்தவர். கண்ணாடிக் கிளாஸில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சமாதானம் சொன்னார். “வீட்டுக்குள்ளேயே நடக்கட்டுமே. முற்றம் இருக்குல்ல? என்ன உம்மு கர்ரார்?”

“உங்க இஷ்டம்” என்றாள் சப்ரியா.

முற்றத்தில் ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் கர்ராரின் அட்டைப்பெட்டிகளும் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு பூனை படுக்கலாம். நடக்க முடியாது.

நிப்ராஸ் வேறு வழி கண்டுபிடித்தாள். கையில் பை இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அடுத்த தெரு ரொட்டி வரட்டி மாதிரி இருக்கிறது, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடை ரொட்டிதான் மெத்தென்று இருக்கிறது என்று உம்மாவைச் சொல்லவைத்தாள். கர்ரார் கடைக்குப் போனதும் இருவரும் பையோடு கிளம்புவார்கள். முதல் வாரம் சப்ரியா பாலத்தின் நடுவிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம் பாலம் சின்னதாகிவிட்டது. மீன்காரனிடம் பேரம் பேசினாள், வாங்காமல் நகர்ந்தாள், அவன் திட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உம்மாவுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே நிப்ராஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குளிர்காலம் முடியும்போது மறுபடி ரத்தம் எடுத்தாள். எண் இறங்கியிருந்தது. கொதிப்பும் இறங்கியிருந்தது. பரீட்சையில் ஜெயித்தபோதுகூட அவள் அப்படித் துள்ளியதில்லை. அந்தத் துள்ளலில்தான் தப்பு செய்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு காகிதங்களையும் வாப்பாவின் முன்னால் விரித்துவைத்தாள்.

“பாருங்க வாப்பா, நடந்ததால எவ்வளவு இறங்கியிருக்கு!”

வாப்பா இறங்கின எண்ணைப் பார்க்கவில்லை. முதல் எண்ணைத்தான் பார்த்தார். “இவ்வளவு இருந்துச்சா? இது ஹார்ட்டு வரைக்கும் போகுமா?”

“போகும், நடக்காம உக்காந்திருந்தா.”

‘போகும்’ என்பதோடு அவர் காது மூடிக்கொண்டது. கர்ரார் தட்டைத் தள்ளினான். “இத்தனை வியாதியை உடம்புல வெச்சுக்கிட்டா பாலம் தாண்டி இழுத்துட்டுப் போனே? உனக்கு உம்மாவா, பரிசோதனை எலியா?”

மறுநாளிலிருந்து சப்ரியா நோயாளியாக நியமிக்கப்பட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ரொட்டியைக் கர்ராரே மோட்டார் சைக்கிளில் போய்ச் சூடாக வாங்கிவந்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அன்பாகத்தான் செய்தான். சின்னம்மா வந்து சமைத்தாள். அடுக்களைக்குள் போனால்கூட, “உக்காரு, உக்காரு” என்று அதட்டல். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருகிற வழக்கம் அங்கே இல்லை. பேரீச்சம்பழம் வந்தது, சர்க்கரைப்பாகில் ஊறிய பலகாரம் வந்தது, ஈரல் வதக்கல் வந்தது, “தெம்பு வேணும்ல” என்று கால் சூப்பு வந்தது. சப்ரியா சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நிப்ராஸ் கத்தினாள். “டாக்டரம்மாவுக்குப் படிப்பு தலைக்கேறிடுச்சு” என்று சிரித்தார்கள்.

கோடையில் சப்ரியாவின் கணுக்கால் வீங்கியது. நடைக்காலம் நெருங்கியது. நபியின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதன் நாற்பதாம் நாள் நினைவுக்கு, ஊரும் உலகமும் அவர் அடங்கிய கர்பலாவுக்கு நடந்து போகும் காலம். ஒரு நாள் சாயங்காலம், யாரும் எதுவும் கேட்காமலே, சப்ரியா சொன்னாள்:

“எனக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கு. நிப்ராஸ் பாஸானா ஹுசைன்கிட்ட நடந்தே வரேன்னு நேர்ந்திருந்தேன்.”

டாக்டர் சொன்னால் மறுக்கலாம், மகள் சொன்னால் சிரிக்கலாம். நேர்ச்சையை என்ன செய்ய முடியும்? வாப்பா எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்தார். கர்ராருக்குக் கண் கலங்கிவிட்டது. “நானே கூட்டிட்டுப் போறேன் உம்மா. எனக்குத் தெரியாமப் போச்சே.”

பாலம் வரைக்கும் போகக்கூடாத கால் கர்பலா வரைக்கும் போகலாம் என்று ஆகிவிட்டது. நிப்ராஸ் உம்மாவை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

“இது ரொட்டிக்கடை இல்ல உம்மா. மூணு நாள் நடை. மாசக்கணக்கா உக்காந்திருந்த உடம்பு. வெயில் வேற.”

“லட்சக்கணக்கான பேரு நடக்குறாங்க.”

“அவங்க ரத்தத்தை நான் பாக்கலை. உங்களோடதைப் பாத்திருக்கேன்.”

“நீ எப்பப் பாத்தாலும் ரத்தத்தையே பாரு. மனுஷியப் பாக்காதே.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இந்த ஒரு நடைக்குத்தான்டி என்னை யாரும் எங்க போறேன்னு கேக்க மாட்டாங்க.”

“மெதுவா நடக்கணும். தண்ணி குடிச்சுக்கிட்டே வரணும். நான் நில்லுன்னா நிக்கணும்” என்றாள் நிப்ராஸ்.

“நீ நில்லுன்னா நிக்கிறேன்.” சப்ரியா மகளின் தலையைத் தொட்டு வாக்குக் கொடுத்தாள்.

விடியலில் கிளம்பினார்கள். கர்ரார் தோழர்களோடு கொடி பிடித்து முன்னால் போனான். கறுப்பு அபாயா அங்கிகளின் வெள்ளத்தில் சப்ரியா இறங்கினாள். இறங்கியவுடன் அவள் தோள் நிமிர்ந்தது. பஸ்ராவிலிருந்து நடந்தே வந்தவள் ஒருத்தி பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். மருமகள் கதையை ஆரம்பித்தாள். சப்ரியாவும் இல்லாத மருமகளைப் பற்றிக் குறை சொன்னாள். நிப்ராஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வழி நெடுக இலவசச் சாப்பாட்டுக் கூடாரங்கள். அதில் ஒரு பெரியவர் சாலை நடுவில் முட்டிபோட்டு, தலையில் தாம்பாளத்தோடு வழிமறித்தார். கறியும் கொண்டைக்கடலையும் இடித்துக் கிண்டிய கீமா, ஆவி பறந்தது.

“ஹுசைனோட விருந்தாளிங்க நீங்க. ஒரு வாய் சாப்பிடாமப் போனா நான் எந்திரிக்க மாட்டேன்.”

“உம்மாவுக்குக் கறி ஆகாது மாமா” என்றாள் நிப்ராஸ்.

“இது கறி இல்ல மகளே. பரக்கத்து. ஆண்டவன் அருள்.”

“பரக்கத்துலயும் யூரிக் அமிலம் இருக்கு” என்று முணுமுணுத்தாள். சப்ரியா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

அந்தப் பெரியவர் பாய் விரித்தார். சப்ரியா உட்கார்ந்தாள். ஆண்கள் குனிந்து அவள் முன்னால் தட்டு வைத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், அவள் சாப்பிடும்வரை நின்றார்கள். சூடான கறி, முதல் கை, உட்கார்ந்த இடத்தில். சப்ரியா மெல்ல மெல்ல மென்றாள். நிப்ராஸ் தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எவளால் பிடுங்க முடியும்? ஒவ்வொரு கூடாரத்திலும் இதே கதைதான். தண்ணீரை மட்டும் சப்ரியா ஒதுக்கினாள். வழியில் பெண்களுக்குக் கழிப்பறை வரிசை நீளம்.

இரண்டாம் நாள் மதியம், பெண்கள் கூடாரத்தில், சப்ரியா காலுறையைக் கழற்றாமலே படுத்தாள். நிப்ராஸ் கழற்றினாள். பெருவிரல் மூட்டு பழுத்த அத்திப்பழம்போலச் சிவந்து பளபளத்தது. துணி பட்டதற்கே உம்மா பல்லைக் கடித்தாள்.

“எப்பலேருந்து?”

“காலையிலேருந்து. வலிக்கட்டும். நன்மை சும்மா கிடைக்குமா?”

வெயில் சாய்ந்ததும் எழுந்து மறுபடி நொண்டி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் பேச்சை நிறுத்தினாள். தாடையைத் தேய்த்துக்கொண்டாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, ஆனால் தொட்டால் சில்லிட்டது.

“உம்மா, நில்லுங்க.”

“அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்.”

“நில்லுன்னா நிக்கிறேன்னு சொன்னீங்க.”

சப்ரியா நின்றாள். வெள்ளம் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. பஸ்ராக்காரி திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க் கரைந்தாள். நிப்ராஸ் கத்தி ஆள் சேர்த்தாள். மருத்துவக் கூடாரத்து இளைஞர்கள் தூக்குப்படுக்கையோடு ஓடிவந்தார்கள். தூக்கும்போது சப்ரியா பிடிவாதமாக, “இறக்குங்க, நான் நடந்துடுவேன்” என்றாள். அப்புறம் மகளைப் பார்த்தாள். அடுத்தவீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

நஜஃபில் ஆஸ்பத்திரியில் இதய அடைப்பைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். கர்ரார் வார்டு வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்க, “நடை நடைன்னு கொல்லப் பாத்தியே, இப்ப திருப்தியா?” என்றான்.

“நடந்ததால வரலை. இத்தனை வருஷம் நடக்கவிடாததால வந்தது.”

“அப்ப உக்காந்திருந்தப்ப ஏன் வரலை? நடந்தப்பதானே வந்துச்சு?”

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது நீளமான பதில். உட்கார்ந்தே துருப்பிடித்த உடம்பை ஒரே மூச்சில் ஓட்டினால் என்ன ஆகும், தினம் கொஞ்சம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்காது என்று விளக்க ஒரு கரும்பலகை வேண்டும். கர்ராருக்கு ஒரு வரி போதும். வார்டில் இருந்தவர்கள் அந்த ஒரு வரிக்குத் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மறுபடியும் அதையேதான் சொன்னார். மெதுவாக, தினமும், நடக்கவேண்டும். இந்தமுறை வாப்பா முழுக்கக் கேட்டார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஒளிந்து அழுதவர் அவர்.

“ஆத்தங்கரைக்கோ எங்கயோ, போய்ட்டு வாங்க. கேக்குறவனை எங்கிட்ட அனுப்பு” என்றார் நிப்ராஸிடம். கர்ராரை ஒரு பார்வை பார்த்தார்.

அனுமதி வந்துவிட்டது. சப்ரியா எழுந்திருக்கவில்லை.

“அந்த நடை பாதியில கிடக்கு. அதை விட்டுட்டு வேற நடை எதுக்கு?”

பள்ளிவாசல் ஷேக்கைக் கூட்டிவந்தார்கள். உடம்பு முடியாதபோது நேர்ச்சை கட்டாயமில்லை, இறைவன் யாரையும் சக்திக்கு மேல் கேட்பதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். சப்ரியா தலையாட்டினாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போனதும் மகளிடம், “உன் படிப்புக்காக நேர்ந்தது. பாதியில நின்னா உன் தலையிலதான் வந்து விழும்” என்றாள்.

“என் தலையில விழவேண்டியதெல்லாம் விழுந்தாச்சு உம்மா. எந்திரிங்க.”

“நான் முடிச்சிருப்பேன். நீதான் நிறுத்தினே.”

நிப்ராஸ் அந்தச் சொல்லோடு பல நாள் படுத்து எழுந்தாள். கடைசியில் அவளே வழி சொன்னாள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. எத்தனை மாதம் ஆனாலும் சரி. வாப்பா உடனே கார் சாவியை எடுத்தார். சப்ரியாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

குளிர்காலத்து வெள்ளிக்கிழமை. உம்மாவைத் தூக்கிய இடத்தில் காரை நிறுத்தினார்கள். கூடாரம் எதுவும் இல்லை. இரும்புக் கால்கள் மட்டும் நின்றன. லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. சப்ரியா இறங்கி நடந்தாள். நிப்ராஸ் பக்கத்தில். வாப்பா பின்னால் காரை ஊர்ந்து ஓட்டிவந்தார். ஒரு கம்பம் தாண்டியது. அடுத்த கம்பத்தில் சப்ரியா நின்றாள்.

“மூச்சு வாங்குதா?”

“இல்ல.”

“விரல் வலியா?”

“ஒண்ணும் வலிக்கலடி.” முன்னாலும் பின்னாலும் பார்த்தாள். “அன்னிக்கு எல்லாரும் போனாங்க, நானும் போனேன். இன்னிக்கு நான் மட்டும் போறேன். எங்க போறேன்னு எனக்கே தெரியல.”

“இன்னும் ஒரு கம்பம் உம்மா. எனக்காக.”

“உனக்காகத்தான் அன்னிக்கு நின்னேன்.”

சொல்லிவிட்டு வாப்பாவைக் கை காட்டி அழைத்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் எந்தப் பாலத்துக்கும் எந்த ஆற்றங்கரைக்கும் வரவில்லை. நிப்ராஸ் கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். வாப்பா லாரி ஓட்டிக் காய்த்த தன் கைகளால் அவள் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்துப் பார்த்தார். சப்ரியா மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள், கறியை ஒதுக்கினாள், தண்ணீர் குடித்தாள். சொன்னதையெல்லாம் செய்தாள், எழுந்திருப்பதைத் தவிர. பேரீச்ச மரங்கள் பாளைவிடும் பருவத்தில், ஒரு காலைப்பொழுது, சோபாவில் உட்கார்ந்தவாக்கில் போய்விட்டாள்.

“அந்த நடைதான் உம்மாவ முடிச்சிடுச்சு” என்று கர்ரார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதான். பொய் அழுகை இல்லை. அதனால்தான் நிப்ராஸுக்கு அவனை அடிக்கவும் முடியவில்லை.

நஜஃபில் மய்யித்தை, இறந்த உடலை, கழுவும் இடத்தில், பெண்கள் பகுதியில், மகள் என்பதால் அவளையும் உள்ளே விட்டார்கள். கழுவுகிறவளுக்குப் பருத்த கை, கறாரான பேச்சு. தலையைக் கழுவினாள், உடம்பைக் கழுவினாள், காலுக்கு வந்ததும் நின்றாள். பாதத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

“இந்தப் பாதத்தைப் பாருங்களேன். ஒரு வெடிப்பு இல்ல. பிறந்த குழந்தைக்கு இருக்குற மாதிரி. எத்தனை காலைப் பாக்குறேன், இப்படிப் பாத்ததில்ல.”

நிப்ராஸ் குனிந்து பார்த்தாள். வெளுத்து, மெத்தென்று, ஒரு கோடுகூட ஆழமாக விழாமல் இருந்தது. பெருவிரல் மூட்டில் மட்டும் சுண்ணாம்புக்கல் மாதிரி ஒரு முடிச்சு. விரலால் தொட்டாள். உறைந்த அமிலம். கரையாமல் அங்கேயே இருந்தது.

“கண்ணுக்குள்ள வெச்சுல்ல பாத்திருக்கீங்க உம்மாவை” என்றாள் கழுவுகிறவள்.

“ஆமா” என்றாள் நிப்ராஸ். “தேயவே விடல.”

கழுவுகிறவள் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள். மகன் இருக்கிறானா என்று கேட்டாள். இருக்கிறான் என்றதும், அப்படிப்பட்ட பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வலது காலில் தண்ணீர் ஊற்றினாள்.